கடைசிக் கட்டத்துப் பாம்பு

வைஸ் சிட்டி என்ற கம்ப்யூட்டர் கேமை ஆடிய யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், அந்தப் பொம்மை ஹெலிகாப்டர் மிஷனைப் பற்றி ஒரு புலம்பல் வைத்திருப்பார்கள். கட்டி முடியாத ஒரு கட்டடம். அதற்குள் பொம்மை ஹெலிகாப்டரை ஓட்டிக்கொண்டுபோய் மாடி மாடியாக 4 வெடிகுண்டு வைக்க வேண்டும். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், உள்ளே வேலை செய்கிறவர்கள் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு அடிக்க வருவார்கள். கேட்க என்னவோ சுலபமாகத்தான் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஆடியவனுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். ஏறி இறங்கவும் திரும்பவும் இடது கைப்பக்கம் சில பட்டன், முன்னே பின்னே சாய வலது கைப்பக்கம் நம்பர் பட்டன், இரண்டு கையும் இரண்டு ஊரில் இருக்கும், ஹெலிகாப்டர் சாய்ந்தபடியே போய்ச் சுவரில் உரசிக்கொண்டு நிற்கும், நாம் நாற்காலியில் உடம்பை வளைத்து அதை நிமிர்த்தப் பார்ப்போம். என் நண்பன் ஒருவன் அந்த மிஷனோடு கேமையே மூடி வைத்துவிட்டான். இப்போது அவன் 40 பேரை வைத்து வேலை வாங்குகிறான். ஹெலிகாப்டர் என்று சொன்னால் இன்றைக்கும் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும்.

ரொம்ப வருஷம் அதைக் கஷ்டமான மிஷன் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் அதில் கஷ்டப்பட ஒன்றுமே இல்லை. எந்த மாடி, எந்த மூலை, எந்தப் படிக்கட்டு வழியாக ஏற வேண்டும், எல்லாம் இரண்டாவது தடவையிலேயே மனப்பாடம் ஆகிவிடும். கைதான் போகாது. கேம் கேட்கிற கேள்விக்கு விடை தெரியும், அந்த விடையை அதன் காதில் போடுவதற்குள் உயிர் போய்விடும். இந்த இரண்டையும் சேர்த்து நாம் கஷ்டம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். சாப்ட்வேர் சோதிக்கிற வேலையில் 15 வருஷமாக இருக்கிறேன், எனக்கே இந்த வித்தியாசம் உறைத்தது சில மாதத்துக்கு முன்னால்தான், அதுவும் அப்பா மூலமாக. அதற்கு முன் இன்னொரு பழைய கணக்கு இருக்கிறது, அதைத் தீர்த்துவிடுகிறேன்.

ப்ராஜெக்ட் ஐ.ஜி.ஐ. அந்தப் பெயரைப் படித்ததுமே சிலருக்கு பிரவுசிங் சென்டரின் ஏ.சி. வாடை மூக்கில் வந்திருக்கும். 2000 டிசம்பரில் வந்தது, நார்வேக்காரர்கள் செய்தது. இன்னர்லூப் என்ற அந்த ஸ்டூடியோ அதற்கு முன் போர் விமானம் ஓட்டுகிற கேம் ஒன்று செய்திருந்தது. அந்த கேமை இயக்கிய அடிப்படை நிரலை, அதை இன்ஜின் என்பார்கள், அப்படியே இதற்கும் எடுத்துக்கொண்டார்கள், அதனால்தான் மற்ற துப்பாக்கி கேமெல்லாம் இருட்டுச் சந்துக்குள் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் இதில் மட்டும் கண்ணுக்கெட்டிய தூரம் மலையும் பொட்டல்வெளியுமாக விரிந்து கிடந்தது. மேட்டில் நின்று பைனாகுலரில் கீழே இருக்கிற முகாமை நோட்டம் விடலாம். கையில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கும், அதில் வானத்திலிருந்து பார்க்கிற மாதிரி வரைபடம். எங்களுக்கு அதைவிட நிஜமான கேம் அப்போது தெரியாது. மொத்தம் 14 மிஷன். நடுவில் சேவ் கிடையாது.

மணிக்கு 20 ரூபாய் வாங்குகிற சென்டரில் நடுவில் சேவ் இல்லாத கேம் ஆடுவது என்றால் என்னவென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க முடியாது. முக்கால் மணி நேரம் பதுங்கிப் பதுங்கிப் போய், கேமரா கண்ணில் படாமல், ஒவ்வொருத்தனாகச் சத்தமில்லாமல் முடித்துக்கொண்டு, கடைசி வேலிக்குப் பக்கத்தில் வரும்போது எங்கிருந்தோ ஒருத்தன் பார்த்து அலாரம் அடித்துவிடுவான். முடிந்தது கதை. மறுபடி முதலிலிருந்து. வைகுண்ட ஏகாதசி ராத்திரி பரமபதம் ஆடும்போது கடைசிக் கட்டத்துக்கு முன்னால் ஒரு பாம்பு கடித்து அடி வரிசையில் வந்து விழுவோமே, அந்த மாதிரி. ஆனால் பரமபதத்தில் 15 ரூபாய் போகாது. சென்டர் அண்ணனிடம் போய், இதில் சேவ் பண்ண வழியே இல்லையா என்று கேட்டால், "நிஜப் போர்ல சேவ் இருக்காடா?" என்பார். வாயடைத்துப்போவோம். ஆமாம்தானே, நிஜப் போரில் எங்கே இருக்கிறது.

நிஜப் போரில் மருந்தைப் போட்ட மறுநொடி குண்டடி ஆறாது என்பது அப்போது ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அலாரம் அடித்ததும் பத்துக்குப் பத்து அறை ஒன்றிலிருந்து, பந்தி முடிந்த கல்யாண மண்டபம் மாதிரி, ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். சுடச் சுட வருவார்கள். அத்தனை பேரும் அந்த அறைக்குள் எப்படித்தான் படுத்துத் தூங்கினார்கள் என்றும் யாரும் கேட்கவில்லை. நிஜம் என்கிற சட்டம் எதிரிக்குக் கிடையாது, ஆடுகிறவனுக்கு மட்டும் உண்டு. 2003ல் இரண்டாம் பாகம் வந்தபோது நடுவில் சேவ் பண்ண விட்டார்கள், எண்ணி இத்தனை தடவை என்று ரேஷன் மாதிரி. இரண்டு வருஷச் சொச்சத்தில் போர் மாறிவிட்டதா என்று அந்த அண்ணனிடம் கேட்க ஆசை. சென்டர் இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை இருக்கிறது.

சரி, அப்பா விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவுக்கு 71 வயது. மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் 33 வருஷம் இருந்தவர், பேரேட்டில் ஒரு பைசா இடித்தால் ராத்திரி தூங்கமாட்டார். வலது கண்ணில் புரை எடுத்தோம். செலவான பணத்தைக் காப்பீட்டிலிருந்து திரும்ப வாங்க அந்த நிறுவனத்தின் தளத்தில் படிவம் நிரப்ப வேண்டும். எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை, எல்லாம் ஒரே குட்டையில் ஊறின மட்டைதான். "நானே பண்றேன், நீ பக்கத்துல இருந்தா போதும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை. காபி, கண்ணாடி, கையில் பில் கட்டு. படிவம் மொத்தம் 6 பக்கம்.

முதல் பக்கத்திலேயே கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம், சிவப்பு நட்சத்திரத்தோடு. நமக்கு ஏது கடைசிப் பெயர்? இன்ஷியலைப் போட்டார். குறைந்தது 2 எழுத்து வேண்டும் என்றது. இன்ஷியலையே இரண்டு தடவை போட்டுவிடலாமா என்று என்னைப் பார்த்தார். கடைசியில் தாத்தா பெயரைப் போட்டோம். ஏற்றுக்கொண்டது, ஏற்றுக்கொண்டு அடுத்த பக்கத்தின் தலையில் தாத்தா பெயரைச் சொல்லி வணக்கம் வைத்தது. 30 வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்த மனுஷனுக்குக் கண் ஆபரேஷன். அப்பா இதற்குச் சிரித்தார், அப்போது சிரிக்கிற நிலைமையில் இருந்தார்.

அடுத்தது பிறந்த தேதி. கட்டத்தைத் தொட்டதும் ஒரு நாள்காட்டி விரிந்தது, இந்த மாதத்தைக் காட்டிக்கொண்டு. இடது ஓரத்தில் ஒரு அம்புக்குறி, ஒரு தடவை அழுத்தினால் ஒரு மாதம் பின்னால் போகும். அப்பா அழுத்த ஆரம்பித்தார். 71 வருஷம் என்றால் 850 அழுத்து, சில்லறை தனி. கொஞ்ச நேரம் கழித்து, "இதுக்கு நான் பொறந்த ஆஸ்பத்திரிக்கு நடந்தே போயிரலாம் போல" என்றார். மேலே தெரிகிற வருஷத்தின் மீது தொட்டால் வருஷப் பட்டியல் தனியாக விரியும். எனக்கு அது தெரியும், இந்தப் பிழைப்பில் இருப்பதால். அது தொடக்கூடிய இடம் என்பதற்கு அங்கே ஒரு கோடு கிடையாது, ஒரு நிழல் கிடையாது, வெறும் எழுத்து. புகைப்படம் 20 கே.பி.க்கு மேலும் 50 கே.பி.க்குக் கீழும் இருக்க வேண்டும் என்ற பக்கத்தைப் பற்றி எழுதப் போவதில்லை, எல்லோரும் பட்டிருப்பீர்கள்.

ஐந்தாம் பக்கத்தில் ஆஸ்பத்திரியின் பதிவு எண் கேட்டது. அது டிஸ்சார்ஜ் சம்மரியில் எங்கோ பொடி எழுத்தில் இருக்கிறது. ஆபரேஷன் ஆகி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, இன்னொரு கண்ணில் புரை அப்படியே இருக்கிறது, காகிதத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் தேடிக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு எண்ணாகத் தட்டினார். பேரேட்டுப் பழக்கம், விரலை வைத்து ஒரு தடவை ஒத்துப்பார்த்தார். அடுத்து என்ற பச்சைப் பட்டனை அழுத்தினார்.

உங்கள் அமர்வு முடிந்துவிட்டது, மீண்டும் உள்நுழையவும். உள்நுழைந்தோம். முதல் பக்கம். கடைசிப் பெயர், சிவப்பு நட்சத்திரம், காலிக் கட்டம்.

"எதைப்பா தப்பா அழுத்திட்டேன்?"

ஒன்றையும் தப்பாக அழுத்தவில்லை. நிதானமாக வேலை செய்தார், அதுதான் அவர் செய்தது.

இதே நேரம் கூடத்தில் அக்கா மகன் லேப்டாப்பில் செலஸ்ட் ஆடிக்கொண்டிருந்தான். 2018ல் வந்த கேம். ஒரு பெண் மலை ஏறுகிறாள், வழியெல்லாம் முள். செத்துக்கொண்டே இருப்போம். எத்தனை தடவை செத்தோம் என்று அத்தியாய முடிவில் எண்ணிக்கை காட்டும், அவன் அதை "மாமா, முன்னூத்திப் பன்னெண்டு!" என்று ஏதோ மார்க் வாங்கினவன் மாதிரி கத்திச் சொன்னான். 312 தடவை விழுந்தவன் சிரிக்கிறான். ஒரே தடவை விழுந்த அப்பா நாற்காலியை ஒரு சாண் பின்னால் தள்ளிக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டார்.

செலஸ்ட்டில் ஒவ்வொரு திரையும் ஒரு தனிக் கட்டம். முள்ளில் விழுந்தால் கண் சிமிட்டுகிற நேரத்தில் அதே திரையின் தொடக்கத்தில் நிற்போம், போனது சில விநாடிதான். இது கண்ணுக்குத் தெரிகிற சலுகை. தெரியாத சலுகைகள்தான் அழகு. பாறை விளிம்பைத் தாண்டிக் கால் அந்தரத்துக்கு வந்த பிறகும், ஒரு சில ஃபிரேமுக்குள், அதாவது விநாடியில் ஒரு துளிக்குள், தாவுகிற பட்டனை அழுத்திவிட்டால் தாவ விட்டுவிடும். கார்ட்டூனில் மலை முகட்டைத் தாண்டி ஓடிவிட்டு, குனிந்து பார்க்கிறவரை விழாமல் அந்தரத்தில் நிற்குமே கொயோட்டி என்கிற ஒரு ஓநாய் ஜாதி, அதை வைத்து இதற்குக் கொயோட்டி டைம் என்று பெயர். அதே மாதிரி, தரையில் கால் படுவதற்கு ஒரு துளி முன்னாலேயே அவசரப்பட்டு அழுத்திவிட்டாலும் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, கால் பட்டதும் தாவ வைக்கும். மேலே போகும்போது கூரையின் மூலையில் தலை லேசாக இடித்தால், பக்கவாட்டில் ஒரு சின்னத் தள்ளு தள்ளி வழி விடும். செய்தவர்களே இதையெல்லாம் பின்னால் விளக்கியிருக்கிறார்கள், மறைத்து வைத்த ரகசியம் ஒன்றும் இல்லை.

நிஜத்தை வைத்துப் பார்த்தால் அத்தனையும் பொய். காற்றில் யாரும் தாவ முடியாது. ஆனால் ஆடுகிறவன் விளிம்பிலிருந்து தாவத்தான் நினைத்தான், விரல் கொஞ்சம் பிந்திவிட்டது. கேம் அவன் நினைத்ததை எடுத்துக்கொள்கிறது, விரல் செய்ததைக் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறது. கஷ்டமான கேம் என்று ஊரெல்லாம் பெயரெடுத்த ஒன்று நமக்குத் தெரியாமல் கை கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அதுவும் போதாதவர்களுக்கு வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும் சாகாமலே ஆடவும் தனி வசதியே வைத்திருக்கிறார்கள்.

காப்பீட்டுப் படிவம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறது. தொலைபேசி எண்ணில் நடுவில் ஒரு இடைவெளி விட்டால் தவறு. தேதியை 5/3 என்று போட்டால் தவறு, 05/03 வேண்டும். மின்னஞ்சலின் கடைசியில் தெரியாமல் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டால் முகவரியே தவறு, அதுவும் எங்கே தவறு என்று சொல்லாது, பார்த்தால் சரியாகத்தான் இருக்கும், பத்து நிமிஷம் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒரு இடைவெளியை எடுத்துப் போட ஒரே வரி நிரல் போதும், இதை என்னிடம் வேலை கற்க வருகிற பையன் முதல் வாரத்தில் எழுதிவிடுவான். யாரும் எழுதுவதில்லை. எழுதச் சொல்லி நான் பதிந்த குறைகள் எத்தனையோ, முன்னுரிமை குறைவு என்ற முத்திரையோடு இன்னும் எங்கேயோ தூங்குகின்றன.

இந்த இடத்தில் டார்க் சோல்ஸ் என்ற கஷ்டமான கேமின் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், தெரியும். ஈஸி மோடு கேட்பவன் ஆடவே கூடாது என்கிற கோஷ்டி. அந்த வழக்கில் எனக்கு அக்கறை இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: 2011ல் வந்த அந்தப் பொல்லாத கேம்கூட, நீங்கள் செத்தால் சம்பாதித்ததையெல்லாம் செத்த இடத்திலேயே போட்டு வைத்திருக்கும், திரும்பப் போய் எடுத்துக்கொள்ள ஒரு தடவை விடும். அப்பா நிரப்பிய 5 பக்கம் எந்த இடத்திலும் கிடக்கவில்லை.

நிஜம் நிஜம் என்று போன கேம்களிலேயே எனக்கு ரொம்பப் பிடித்ததும் ரொம்பக் கோபம் வரவழைத்ததும் ஒன்றுதான், ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2. இதுவும் 2018. தாடி வளரும், குதிரைக்குச் சேறு ஒட்டும், தேய்த்து விட வேண்டும், துப்பாக்கிக்கு எண்ணெய் போட வேண்டும், வேட்டையாடினால் குனிந்து உட்கார்ந்து தோலை உரித்து, சுருட்டி, தோளில் போட்டு, குதிரை முதுகில் கட்ட வேண்டும். முதல் பத்து மணி நேரம் வாயைப் பிளந்து பார்த்தேன். நாற்பதாவது மணி நேரத்தில், அலமாரி இழுப்பறையை ஒவ்வொன்றாக கேமின் நாயகன் இழுத்துத் திறக்கும்போது, டேய் சீக்கிரம்டா என்று டி.வி.யைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். நிஜத்தில் இழுப்பறை திறக்கிறவன் கையில் இழுப்பறையின் கனம் இருக்கும், அதனால் நேரம் தெரியாது. எனக்கு இருந்தது ஒரு பட்டனும் காத்திருப்பும்.

அதுகூடப் பரவாயில்லை. ப்ளேஸ்டேஷனில் எல்2 என்று ஒரு பட்டன். கையில் ஒன்றும் இல்லாமல் எதிரே வருகிறவரைப் பார்த்து அதை அழுத்தினால் வணக்கம் சொல்லலாம், பேச்சுக் கொடுக்கலாம். கையில் துப்பாக்கி இருக்கும்போது அதே பட்டனை அழுத்தினால் துப்பாக்கியை அவர் நெஞ்சுக்கு நேராக நீட்டும். குதிரையிலிருந்து இறங்கும்போது கையில் என்ன இருந்தது என்பது எனக்கு எங்கே ஞாபகம் இருக்கிறது? ஒரு கடைக்காரருக்குக் காலை வணக்கம் சொல்லப் போய், ஊரே என்னைச் சுட்டு, நானும் பதிலுக்கு நாலு பேரைச் சுட்டு, தலைக்கு விலை வைத்துவிட்டார்கள்.

சாப்ட்வேர் ஆட்கள் இதை மோட் பிழை என்பார்கள். ஒரே பட்டன் ஒரு நேரம் ஒரு வேலையும் இன்னொரு நேரம் வேறு வேலையும் செய்யும், இப்போது எந்த நேரம் என்பதை நாம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஜெராக்ஸின் பார்க் ஆய்வுக்கூடத்தில் 1970களில் கட், காப்பி, பேஸ்ட்டை நமக்குக் கொடுத்தவர்களில் ஒருவரான லாரி டெஸ்லர் ஆயுசு முழுக்க இதை எதிர்த்துச் சண்டை போட்டார். கார் நம்பர் பிளேட்டிலேயே நோ மோட்ஸ் என்று எழுதி வைத்திருந்த மனுஷன். 2020ல் இறந்துபோனார். தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு அவரைத் தெரியாவிட்டாலும் அவர் எதிரியைத் தெரியும். கட்டுரை எழுதி முடித்த கையோடு, தமிழ்99 விசைப்பலகை இன்னும் ஓடிக்கொண்டிருப்பது தெரியாமல் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டுவோம். திரையில் வெறும் புள்ளிகள், எந்த மொழிப் புள்ளி என்று எப்படித் தெரியும்? மூன்றாவது தடவை கணக்கு பூட்டிக்கொள்ளும். நானும் கடைக்காரரைச் சுட்டவன்தான் அந்த நிமிஷத்தில்.

இதற்காக நிஜமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எந்த நிஜம் என்பதை ஆடுகிறவன் முடிவு பண்ணட்டும். பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா என்று போனில் ஒரு கேம், 2017ல் வந்தது, பஸ்ஸுக்கு நாமே தோல் மாட்டிக்கொள்ளலாம். தமிழ்நாட்டுப் பையன்கள் அதில் நம் அரசுப் பேருந்தின் நிறத்தையும் தனியார் ஆம்னி பஸ்ஸின் ஓவியங்களையும் கொண்டுவந்து ஒட்டி யூடியூப் முழுக்கப் போட்டிருக்கிறார்கள். ஓடுகிற ரோடு ஜாவாவில், பஸ் மட்டும் நம்மூர் பஸ். அக்கா மகனிடம் இது எந்த ஊர் நிஜம்டா என்று கேட்டேன். "ஹாரன் கேளுங்க மாமா" என்றான். கேட்டேன். பைபாஸ் ரோட்டில் பின்னால் வந்து குலை நடுங்க வைக்கிற அதே ஹாரன். அவனுக்கு அவ்வளவு நிஜம் போதும்.

நாமக்கல் பக்கம் லாரி ஓட்டுகிற சொந்தக்காரர் ஒருவருக்கு யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2 ஆடிக் காட்டினேன். ஐரோப்பாவை 19ல் ஒரு பங்காகச் சுருக்கி வைத்திருக்கிறார்கள், ஒரு நாட்டைக் கடக்க ஒரு டீ ஆறுகிற நேரம் போதும். "லோடு இறக்க எவ்வளவு நேரம் நிக்கணும்?" என்று கேட்டார். நிற்கவே வேண்டாம் என்றேன். "அப்ப இது என்ன லாரி?" என்றவர், கடைசியில் பார்க்கிங்கைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அந்த கேம் கேட்கும்: ட்ரெய்லரை இடுக்கான இடத்தில் ரிவர்ஸ் எடுத்து விடுகிறாயா, சுலபமான இடத்தில் விடுகிறாயா, இல்லை பார்க்கிங்கே வேண்டாமா. கஷ்டமானதுக்குக் கூடுதல் புள்ளி, வேண்டாம் என்றால் புள்ளி இல்லை, அவ்வளவுதான், கேலி கிடையாது, தண்டனை கிடையாது. அவர் கஷ்டத்தைத்தான் எடுத்தார். கீபோர்டில் ட்ரெய்லரைத் திருப்ப முடியாமல் சுவரில் இடித்துவிட்டு, "ஸ்டியரிங் குடுத்தா போட்டுக் காட்டுவேன்" என்றார். மறுபடியும் ஹெலிகாப்டர் கதைதான்.

சாப்ட்வேரிலும் இந்த நிஜப் பைத்தியம் பிடித்த காலம் ஒன்று இருந்தது. ஆப்பிளின் குயிக்டைம் 4, 1999ல் வந்தபோது, ஒலியைக் கூட்டக் குறைக்க டிரான்சிஸ்டர் ரேடியோவில் இருக்குமே பல்சக்கரம், அதைத் திரையில் வரைந்து வைத்திருந்தார்கள். விரலால் உருட்ட அது வசதி. மவுஸால் உருட்ட வேண்டும் என்றால்? பிடித்து, இழுத்து, விட்டு, மறுபடி பிடித்து. பார்க்க அச்சு அசல் ரேடியோ. நேரான ஒரு கோட்டில் ஒரு குமிழை வைத்திருந்தால் ஒரே இழுப்பு.

அமர்வு முடிவதற்குப் பாதுகாப்புதான் காரணம் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். நானும் கூட்டங்களில் தலையாட்டியிருக்கிறேன். பணம் அனுப்புகிற பக்கத்தை அப்படியே திறந்து போட்டுவிட்டுப் போனால் ஆபத்து, மூடத்தான் வேண்டும், மறுப்பில்லை. ஆளை வெளியே அனுப்புங்கள், அவர் எழுதி வைத்ததை ஏன் கிழித்துப் போடுகிறீர்கள்? திரும்ப வந்து ஓ.டி.பி. போட்டதும் ஐந்தாம் பக்கத்தைக் காட்டினால் எந்தத் திருடனுக்கு என்ன லாபம்?

கடுமையாக இருக்க வேண்டிய இடத்தில் இவர்கள் கடுமையாக இருப்பதும் இல்லை. 2020 ஆகஸ்டில் சிட்டி பேங்கில் நடந்தது நீதிமன்றம் வரை போய் ஊரறிந்த கதை. ரெவ்லான் நிறுவனத்தின் கடனுக்கு வட்டியாகச் சுமார் 78 லட்சம் டாலர் போக வேண்டும். போனது கிட்டத்தட்ட 90 கோடி டாலர், அசலும் சேர்ந்து. அந்த சாப்ட்வேரில் அசல் வெளியே போகாமல் தடுக்க மூன்று கட்டங்களில் குறி போட்டு உள் கணக்கு எண்ணைக் கொடுக்க வேண்டுமாம். போட்டது ஒன்றில், அசல் என்று எழுதியிருந்த கட்டத்தில். அசலைத் தடுக்க வேண்டும், அசல் என்கிற கட்டத்தில் குறி போட்டாயிற்று, வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். இந்தியாவில் இருந்த ஒப்பந்த ஊழியர்கள் இருவர், அமெரிக்காவில் மேலதிகாரி ஒருவர், மூன்று பேர் பார்த்தும் யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை. எச்சரிக்கை வந்தது. பணம் வங்கிக்கு வெளியே போகும், தொடரவா என்று கேட்டது. எவ்வளவு பணம் என்று சொல்லவில்லை. வட்டி வெளியேதானே போக வேண்டும், சரி என்று அழுத்தினார்கள். அதில் சுமார் 50 கோடி டாலரை வாங்கினவர்கள் திருப்பித் தர மறுத்தார்கள், 2021ல் நீதிபதி அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார், 2022ல் மேல்முறையீட்டில்தான் அது மாறியது. அப்பாவின் இன்ஷியலை 2 எழுத்து இல்லையென்று திருப்பி அனுப்புகிற அதே துறை, 90 கோடி டாலருக்கு ஒரு எண்ணைக்கூடக் காட்டாமல் சரி என்று ஒரு பட்டனை நீட்டியிருக்கிறது. அந்த மூன்று பேரும் அன்றைக்கு ராத்திரி என்ன கேட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எதைப்பா தப்பா அழுத்திட்டேன்.

அப்பா அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி உட்கார்ந்தார். இந்தத் தடவை ஒரு பழைய டைரியோடு. முந்தின ராத்திரியே எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைத்திருந்தார். பக்கம் 1, கடைசிப் பெயர் = அப்பா பெயர். பிறந்த தேதி, மேலே வருஷத்தைத் தொடவும், அம்புக்குறியைத் தொடாதே. பக்கம் 5, பதிவு எண், இதோ. ஒவ்வொரு பக்கமும் பச்சைப் பட்டன், வலது பக்கம். 10 நிமிஷத்துக்குள். கடைசி வரிக்குக் கீழே சிவப்பில் இரண்டு கோடு. எனக்கு என் கெமிஸ்ட்ரி நோட்டின் கடைசிப் பக்கம் ஞாபகம் வந்தது, வைஸ் சிட்டியில் குறுக்குவழியில் ஜெயிக்கத் தட்டுகிற ரகசியச் சொற்கள் அத்தனையும் இதே ஒழுங்கில் எழுதி வைத்திருப்பேன், கோடு போட்டு. எட்டரை நிமிஷத்தில் முடித்தார். மூன்று வாரத்தில் பணம் வந்தது.

இந்த மாதம் இடது கண்ணுக்கும் புரை எடுத்தாயிற்று. நேற்று டைரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். தளம் திறந்ததும் நடுவில் ஒரு பெட்டி, பலூன் படத்தோடு, உங்களுக்காகப் புதிய தோற்றத்தில் என்று. அப்பா டைரியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி டைரியைப் பார்த்தார். அப்புறம் பேனாவைத் திறந்து பச்சை என்பதை அடித்துவிட்டு மேலே நீலம் என்று எழுதினார். வலது பக்கம் என்பதையும் அடித்தார்.

"இதை பென்சில்ல எழுதியிருக்கணும்" என்றார்.